ஊர்ப்பொதுத் தோப்பின் வரவு செலவு

விதை, உரம், கறவை மாடு, நகையீடு ஆகியவற்றின்மேல் கடன் கொடுக்கும் நமது சங்கங்கள், ஊரார் யாவரும் சேர்ந்து வைத்து வளர்த்துப் பலன் பெறக்கூடிய மரத்தோப்பு ஒன்றுக்கு ஏன் முதல் போடலாகாது என்று அங்கத்தினர்கள் சிலர் மகாசபைக் கூட்டங்களில் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. முதல் போடலாம் என்பதே என் விடை. ஆனால் நெல்லுக்குப் பார்க்கும் கணக்கையே மரத்துக்கும் பார்த்தால் சங்கம் முழுகிப்போகும்.

ஆடியில் கொடுத்த பயிர்க்கடன் தை அறுப்பில் வட்டியுடன் திரும்பி வருகிறது. அந்த ஆறு மாதத்திற்குள் கடன் வாங்கியவர் ஊரை விட்டுப் போய்விடுவதில்லை, காரியதரிசியும் மாறிவிடுவதில்லை. மரம் அப்படிப்பட்டதன்று. சவுக்குக்கு நாலைந்து வருஷம் வேண்டும். ஏரிக் கருவேலுக்குப் பத்து வருஷம் வேண்டும். அதற்குள் பஞ்சாயத்துத் தேர்தல்கள் நடந்து தலைவர்கள் மாறுவார்கள். நட்டபோது கைதூக்கி ஆதரித்தவர்களில் சிலர் காலமாகிவிடுவார்கள். இளைஞர் பலர் ஆலை வேலைக்குப் போய்விடுவார்கள். மரம் தானே வளரும். சங்கம் ஏற்பாடு செய்யவேண்டியவை இரண்டு: வளரும்வரை காத்திருக்கும் செலவை யார் தாங்குவது, வளர்ந்தபின் எவ்விதம் விற்பது. இவ்விரண்டும் தீர்மானமாகாமல் கன்று நடுவது, கணக்குப் புஸ்தகம் இல்லாமல் சங்கம் நடத்துவதைப் போன்றதாகும்.

நிலம் யாருடையது

நம் பக்கம் ஏரிகளின் பூமி. செம்பரம்பாக்கம், நேமம், பருத்திப்பட்டு, அயப்பாக்கம், அம்பத்தூர், கொரட்டூர் என்று ஏரியின் பேரைச் சொல்லியே ஊரை அடையாளம் காட்டுவது இங்கு வழக்கம். மலைக்காடு இல்லாத இப்பிரதேசத்தில் காடு என்று சொல்லத்தக்கவை ஏரி முன்கரை மரங்களும், கரைமேல் உள்ள பனைகளும், மணற்பாங்கான பட்டா நிலங்களில் வைத்த சவுக்குத் தோப்புகளுமேயாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் சோழமண்டலக் கரையோரத்தில் சவுக்குத் தோப்புகள் வைக்கப்பட்டு, பட்டணத்து விறகுத் தொட்டிகளுக்கும் ரயில் இஞ்சின்களுக்கும் விறகு அனுப்பப்பட்டது. இன்று ரயிலுக்கு விறகு வேண்டியதில்லை. வீட்டு அடுப்பிலும் வாயு வந்துவிட்டது. அம்பத்தூரில் 1964-இல் தொழிற்பேட்டை ஏற்பட்டது. 2011-இல் அவ்வூர் சென்னை மாநகராட்சியிலேயே சேர்ந்துவிட்டது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியாயிற்று. மனைக்கட்டு விலை மரத்தின் விலையை எட்டாத உயரத்தில் வைத்துவிட்ட ஊர்களில், பட்டா நிலத்தில் தோப்பு வைக்கச் சொல்லி ஒருவருக்கும் யோசனை கூற நான் துணியமாட்டேன். பூந்தமல்லிக்கும் திருவள்ளூருக்கும் இடையே இன்னும் உழவு நடக்கும் கிராமங்களையும், அவற்றின் ஏரிகளையுமே கருதி இக்கட்டுரை எழுதலானேன்.

ஏரி முன்கரை ஊராருக்குச் சொந்தம் என்று நினைப்பது வழக்கம். சட்டப்படி அது சர்க்கார் புறம்போக்கு. நூறு ஏக்கர் ஆயக்கட்டுக்கு மேற்பட்ட ஏரிகள் நீர்வள இலாகாவின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை பஞ்சாயத்து யூனியன் பொறுப்பிலும் உள்ளன. ஏரிகளின் பாதுகாப்புக்காகவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஆகவே சங்கம் முதலில் தேடவேண்டியது கன்றன்று, காகிதம். எத்தனை வருஷத்துக்கு, எந்தச் சர்வே நம்பரில், எந்த மரத்தை, யார் வெட்டலாம், பலனில் யாருக்கு எத்தனை பங்கு என்பது எழுத்தில் இல்லாவிட்டால் பத்தாம் வருஷம் தோப்புக்கு உரிமையாளர் பலர் தோன்றுவார்கள். அனுமதிக் காலம் மரத்தின் வயதைவிடக் குறைந்ததாக இருக்கக்கூடாது. பத்து வருஷத்து மரத்துக்கு ஐந்து வருஷத்துக் குத்தகை பிடிப்பது பிறருக்காகப் பாடுபடுவதாகும்.

முன் நடந்தவை

இப்படிப்பட்ட முயற்சி புதியதன்று. 1882-இல் சென்னை வனச்சட்டம் வந்ததன்பின் குடியானவர்கள் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பட்ட கஷ்டங்களை விசாரிக்க ஏற்பட்ட வனக் கமிட்டி, 1913-இல் தன் யோசனைகளைத் தெரிவித்தது. பெரிய மரம் தராமல் கிராமத்துத் தேவைக்கு மாத்திரம் உதவும் காடுகளைக் கிராமப் பஞ்சாயத்துகளிடம் ஒப்புவிக்கலாம் என்பது அவற்றுள் ஒன்று. அதன்படி வனப் பஞ்சாயத்துகள் ஏற்பட்டன. அவை சர்க்காருக்கு ஒரு தொகை கட்டிவிட்டு ஊராரிடம் மேய்ச்சல் கட்டணம் வசூலித்து வந்தன. வருமானம் முழுவதும் மாட்டுக் கணக்கிலேயே இருந்தபடியால், மாட்டைக் குறைத்து மரத்தைப் பெருக்கப் பஞ்சாயத்தாருக்குப் பண விஷயத்தில் ஒரு தூண்டுதலும் இருக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். எதிலிருந்து வரும்படி வருகிறதோ அதையே எவரும் பெருக்குவர்.

பிற்பாடு 1981-இல் ஸ்வீடன் தேசத்தின் உதவியுடன் தமிழ்நாட்டில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கிற்று. நமது செங்கற்பட்டு ஜில்லா உள்ளிட்ட பல ஜில்லாக்களில் ஏரி முன்கரைகளில் மண்மேடு கட்டி அதன்மேல் கருவேலம் வளர்த்தார்கள். மரம் நன்றாகவே வந்தது. வன இலாகாவே நட்டது, காவல் வைத்தது, ஏலம் விட்டது. பலனில் ஒரு பங்கு பஞ்சாயத்துக்குச் சேர்ந்தது. பணம் பொதுநிதியில் கலந்து தெருவிளக்காகவோ கட்டிடமாகவோ மாறியிருக்கலாம்; அது உபயோகமான செலவுதான். ஆனாலும் ஆட்டை முன்கரைப் பக்கம் ஓட்டாமல் பத்து வருஷம் அடக்கி வைத்த குடும்பம் தன் கையில் என்ன வந்தது என்று பார்த்தால் விடை கிடைப்பது கஷ்டம். ஊர் உழைப்பு இல்லாமலும் ஊரின் கணக்கு இல்லாமலும் வளர்ந்த தோப்பை ஊரார் சர்க்கார் தோப்பு என்றே அழைத்தார்களென்றால் அதில் அதிசயமில்லை.

கூட்டுறவுச் சட்டப்படியே காட்டை நடத்திப் பார்த்த இடம் வடக்கே காங்ரா ஜில்லா. அக்காலத்தில் அது பஞ்சாப் மாகாணத்தைச் சேர்ந்தது. 1937-இல் கார்பெட் என்பவர் தலைமையில் அமைந்த கமிஷன் செய்த சிபார்சின்மேல், 1940-ஐ ஒட்டிக் கிராம வனக் கூட்டுறவுச் சங்கங்கள் அங்கே ஏற்பட்டன. காலக்கிரமத்தில் அவை சுமார் எழுபதாயின. ஒவ்வொரு சங்கத்துக்கும் வேலைத்திட்டம் இருந்தது. எந்தப் பகுதியை எந்த வருஷம் அடைத்து வைப்பது, எதை வெட்டுவது என்பதெல்லாம் அதில் கண்டிருந்தது. வன உத்தியோகஸ்தர்கள் யோசனை சொன்னார்கள். சர்க்கார் வருஷந்தோறும் உதவித்தொகை கொடுத்தது. வெறுங்குன்றுகள் பசுமையாயின. 1966-இல் அந்த ஜில்லா ஹிமாசலப் பிரதேசத்துடன் சேர்ந்தது. 1970-களின் ஆரம்பத்தில் உதவித்தொகை நின்றது. சங்கங்களின் உரிமையும் தெளிவில்லாத நிலைக்கு வந்தது. மரங்கள் நின்றன, சங்கங்கள் தளர்ந்தன. உதவித்தொகையின்மேல் கட்டிய சங்கத்துக்கு உதவித்தொகையின் ஆயுளே ஆயுள் என்பதை நாம் அங்கிருந்து அறியலாம்.

இன்னொரு முயற்சி குஜராத்திலுள்ள ஆனந்தில் தொடங்கிற்று. பால் சங்கங்களை நாடெங்கும் வளர்த்த தேசியப் பால்வள வாரியத்தின் ஆதரவில், 1988-இல் மரம் வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கங்களின் தேசிய சம்மேளனம் பதிவாயிற்று. ராஜஸ்தான், ஆந்திரம், கர்நாடகம், ஒரிஸ்ஸா முதலிய இடங்களில் கிராமத்துத் தரிசுகளைக் குத்தகைக்கு வாங்கிச் சங்கங்கள் மரம் வைத்தன. ரெவின்யூ நிலம் குத்தகைக்குக் கிடைப்பதே பெரிய தாமதமாயிருந்தது. பாலில் கற்ற வித்தை மரத்தில் அப்படியே பலிக்கவுமில்லை. அம்பத்தூர் ஆவின் பண்ணைக்குப் பால் போவதை அறிந்த நம் அங்கத்தினர்களுக்கு அதன் காரணத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. காலையிலும் மாலையிலும் பால் ஊற்றுகிறவர் குறித்த தவணையில் பட்டுவாடா வாங்குகிறார். அந்தப் பணமே அவரைச் சங்கத்தோடு கட்டிப்போடும் கயிறு. மரச்சங்கத்தில் அந்தக் கயிறு பத்து வருஷ நீளமுள்ளது. அடைத்து வைத்த தரிசில் முளைத்த புல்தான் முதல் வருஷங்களில் அங்கத்தினர்களுக்குக் கண்ணில் தெரிந்த பலனாயிற்று.

வட்டியும் காவலும்

இனி நம் கணக்குக்கு வருவோம். பின்வரும் தொகைகள் எந்த ஊரிலும் எடுத்த புள்ளிவிவரமல்ல. கணக்கின் போக்கைக் காட்டுவதற்காக நாமே வைத்துக்கொண்டவை. அங்கத்தினர்கள் தங்கள் ஊர்க் கூலியையும் விலையையும் போட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

பத்து ஏக்கர் முன்கரையில் மேடு கட்டிக் கருவேலம் வைக்க முதல் வருஷத்தில் ரூ. 1,50,000 செலவு என்று கொள்வோம். வட்டி நூற்றுக்குப் பத்து. பத்து வருஷத்தில் வட்டிக்கு வட்டி சேர்ந்து ஒரு ரூபாய் ஏறத்தாழ ரூ. 2.59 ஆகிறது. ஆகவே நட்ட செலவு வெட்டும் நாளில் சுமார் ரூ. 3,89,000 ஆகி நிற்கும். சங்கத்தின் சொந்தப் பணத்தைத்தானே போட்டோம், வட்டி எதற்கு என்று கேட்கலாகாது. அந்தப் பணத்தைப் பயிர்க்கடனாகக் கொடுத்திருந்தால் வட்டி வந்திருக்கும். அந்த வட்டியை இழந்ததும் செலவே.

இதன்மேல் காவற்காரன் சம்பளம். மாதம் ரூ. 3,000 என்று மிகக் குறைவாகவே வைப்போம்; வருஷத்துக்கு ரூ. 36,000. நட்ட செலவு ஒரே தடவை, இதுவோ பத்துத் தடவை. வட்டியுடன் கூட்டினால் பத்தாம் வருஷ முடிவில் சுமார் ரூ. 5,74,000. கன்றுக்கும் மேட்டுக்கும் ஆன செலவைவிடக் காவல் செலவு அதிகமாகிவிடுகிறது! இரண்டும் சேர்ந்து ரூ. 9,63,000. ஏக்கருக்கு இருபது டன் வீதம் இருநூறு டன் விறகு கிடைத்து, டன் ரூ. 3,000-க்கு விற்றால் வரவு ரூ. 6,00,000. சங்கத்துக்கு ரூ. 3,63,000 நஷ்டம். டன்னுக்கு ரூ. 4,800-க்கு மேல் விலை கிடைத்தால்தான் சரிக்குச் சரி.

காவற்காரன் இல்லாமல் தோப்பு நின்றால், அதே மரத்தில் அதே விலைக்கு ரூ. 2,11,000 லாபம். ஊர்த்தோப்பு லாபமா நஷ்டமா என்பது மரத்தின் ஜாதியைக்காட்டிலும், மழையைக்காட்டிலும், இந்த ஒரு வரியில்தான் அதிகம் தங்கியிருக்கிறது. சம்பளக் காவல் வைத்துத்தான் காக்க முடியும் என்றால் அந்த ஊரில் தோப்பு வேண்டாம் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

சம்பளமில்லாக் காவல் எப்படி உண்டாகும்? நம் பழைய செங்கற்பட்டு ஜில்லாவிலேயே அதற்கு ஓர் உதாரணம் உண்டு. வேடந்தாங்கல் ஏரி மரங்களில் கூடு கட்டும் நாரை, கொக்கு முதலிய பறவைகளை அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பவரிடம் அதற்கு எழுத்தில் உரிமையும் பெற்றார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பலன் வருஷந்தோறும் வந்தது. ஏரி பாயும் வயல் உள்ள ஒவ்வொருவருக்கும் வந்தது. ஆகவே காவல் வந்தது. பத்தாம் வருஷத்துப் பணத்துக்காக ஒருவரும் இன்றிரவு கண்விழிக்கமாட்டார்கள். இவ்வருஷத்துப் புல்லுக்காக விழிப்பார்கள்.

முன்கரையில் நீர் வடிந்தபின் பங்குனி தொடங்கி ஆடி வரையில் நல்ல புல் கிடைக்கிறது. கன்று தலைதூக்கும் வரையில் மாட்டை உள்ளே விடாமல் அறுத்துக்கொண்டு போகும் உரிமையை மட்டும் அங்கத்தினர்களுக்குக் கொடுக்கலாம். நாற்பது குடும்பங்கள் மாதம் ரூ. 50 வீதம் ஆறு மாதத்துக்குக் கட்டினால் வருஷத்துக்கு ரூ. 12,000 ஆயிற்று. அற்பமாகத் தோன்றும். பத்து வருஷம் வட்டியுடன் கூட்டிப் பார்த்தால் ரூ. 1,91,000, நட்ட கடனில் ஏறக்குறைய பாதி. கருவேல நெற்று ஆட்டுக்கு உயர்ந்த தீனி. மரம் காய்க்கத் தொடங்கியதும் அதையும் முறை வைத்துப் பங்கிடலாம். காய்ந்து விழும் சுள்ளியைத் தலைச்சுமையாக எடுக்கும் உரிமைக்குப் பணமே வாங்கக்கூடாது.

இந்தக் கடைசி விஷயத்தில் சங்க நிர்வாகிகள் கண்டிப்பாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். சுள்ளி பொறுக்குகிறவர்களால்தான் மரம் போகிறது என்பது அவர்கள் வாதம். முன்கரையை அடைத்தால் அன்றைய தினமே நஷ்டப்படுகிறவர்கள் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நிலமுள்ளவருக்கு வைக்கோல் உண்டு, அடுப்புக்கு வாயு உண்டு. நாலு ஆடு வைத்திருக்கும் விதவைக்கும், ஏரியோரத்துக் குடிசைகளில் வாழும் இருளர் குடும்பங்களுக்கும் முன்கரையே மேய்ச்சல், முன்கரையே விறகு. காத்திருக்கும் காலத்தின் பாரம் முழுவதையும் அவர்கள் தலையில் வைத்துவிட்டு, பத்தாம் வருஷத்து லாபத்தைப் பங்குத்தொகைக்கு ஏற்பப் பிரித்தால், பங்கே வாங்க முடியாத அவர்களுக்கு ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட தோப்பு இரவில் குறையும். அதற்காக அவர்களைக் குற்றம் சொல்ல என்னால் இயலவில்லை.

ஆகையால் பைலாவில் மூன்று விஷயங்கள் இருக்கவேண்டும் என்பது என் யோசனை. பங்கின் விலை சிறிதாகவும், அதையும் கூலி வேலையாகச் செலுத்தத்தக்கதாகவும் இருக்கவேண்டும். மேடு கட்டும் வேலையில் பத்து நாள் வந்தவர் பங்குதாரர். காவல் முறைக்காவலாக இருக்கவேண்டும். வீட்டுக்கு ஒருவர் வீதம் முறை வைத்து, வந்தவர் கையெழுத்தோ கைநாட்டோ இடும் காவல் புஸ்தகம் ஒன்று சங்கத்தில் இருக்கவேண்டும். மூன்றாவது, வெட்டிய வருஷத்து லாபத்தில் சட்டப்படி சேமநிதிக்கும், அடுத்து மறுநடவுக்கும் எடுத்தபின், மீதியில் பெரும்பகுதியைக் காவல் புஸ்தகத்தின்படியும் சிறுபகுதியைப் பங்கின்படியும் பிரிக்கவேண்டும். அப்போது நான் முன் சொன்ன ரூ. 2,11,000 வெறும் லாபமன்று. பத்து வருஷம் முறைக்காவல் நின்றவர்களுக்குத் தாமதமாய் வரும் கூலி. அந்தக் கூலி சம்பளக் காவலுக்கு ஈடாகாது என்பது உண்மையே. மீதியை ஈடுகட்டுவன புல்லும் நெற்றும் சுள்ளியுமாம்.

இரண்டாவது யோசனையில் சந்தேகமுள்ளவர்களுக்குக் கொரியா தேசத்தை நினைவூட்டுகிறேன். யுத்தத்தில் மொட்டையாய்ப்போன மலைகளைத் தென்கொரியர்கள் 1973-இல் தொடங்கிய பத்து வருஷத் திட்டத்தால் மறுபடி காடாக்கினார்கள். குறித்த பத்து லட்சம் ஹெக்டேரை 1978-க்குள்ளாகவே நட்டு முடித்தார்கள். நட்டதும் காத்ததும் பெரும்பாலும் கிராமத்து வனச் சங்கங்களே. முதலில் வைத்தவற்றுள் ஊர் அடுப்புக்கான விறகுத் தோப்புகளும் இருந்தன.

கூப்பு முறை

பட்டா நிலத்தில் சவுக்கு வைக்கும் அங்கத்தினர்கள் சிலர் ஒன்றுசேர்ந்தால் காத்திருக்கும் காலத்தை வேறொரு வழியாலும் சுருக்கலாம். ஐந்து ஏக்கரையும் ஒரே வருஷம் நட்டு ஐந்தாம் வருஷம் ஒரே நாளில் வெட்டுவதே வழக்கம். அவ்வருஷம் விலை சரிந்திருந்தாலும், புயல் அடித்திருந்தாலும் முழுவதும் போயிற்று. ஒவ்வொரு ஏக்கரையும் ஒரு கூப்பாக வைத்து வருஷத்துக்கு ஒன்று நட்டால், ஐந்தாம் வருஷம் முதல் ஆண்டுதோறும் ஒரு கூப்பு வெட்டுக்கு வரும். வெட்டிய இடத்தில் உடனே நடவு. அதன்பின் தோப்பு நெல்வயலைப் போலாகிறது: வருஷம் ஒரு மகசூல். சங்கத்தின் கடனும் வருஷத் தவணையில் அடையத் தொடங்கும். ஐந்து பேருக்கு ஆளுக்கொரு ஏக்கர் வீதம் இருந்தால், வெட்டும் வருஷத்தில் வந்த பணத்தை ஐவரும் பிரித்துக்கொள்ளச் சம்மதிக்கவேண்டும்; முதல் கூப்புக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு விலகாதபடி எழுத்தும் வேண்டும். இவ்வித நம்பிக்கை நமக்குப் புதியதன்று. ஆவடிக்கு மேற்கே உள்ள திரூரில் 1904-இல் இந்த மாகாணத்தின் முதல் விவசாயக் கடன் சங்கம் பதிவானபோது, அக்காலச் சட்டத்தின்படி கிராமச் சங்கத்துக்குப் பொது விதி வரையறையற்ற பொறுப்பு: ஒருவர் கடனுக்கு அனைவரும் ஜவாப்தாரி. அதற்குத் துணிந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஐந்து ஏக்கர் சவுக்கு பெரிய காரியமன்று.

சவுக்கை ஏரி முன்கரையில் வைக்கலாகாது. மாதக்கணக்கில் நீர் நிற்பதை அது தாங்காது. கருவேலம் தாங்கும். மணல் கலந்த, நீர் வடியும் மேட்டு நிலமே சவுக்குக்கு ஏற்றது. வேர் முடிச்சுகளால் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து நிலத்தைக் கெடாமல் வைப்பதும் அதன் குணம்.

விற்பனை

மறுபடி நம் இருநூறு டன் கருவேலத்துக்கு வருவோம். வெட்டு வருஷத்தில் குத்தகைதாரர் ஒருவர் வந்து தோப்பைச் சுற்றிப் பார்த்து, மொத்தமாக ரூ. 4,00,000 தருகிறேன் என்பார். ஒரே காசோலையில் அத்தனை பணத்தைப் பார்த்திராத நிர்வாகிகளுக்கு அது பெருந்தொகையாகத் தோன்றும். நட்ட செலவு வட்டியுடன் ரூ. 3,89,000. மிஞ்சுவது ரூ. 11,000. பத்து வருஷம் ஊர் முழுவதும் காத்த தோப்பின் லாபத்தை ஒரு பகல் சுற்றி வந்தவர் கொண்டுபோய்விடுகிறார். அவர் அயோக்கியர் என்று நான் சொல்லவில்லை. தோப்பில் எத்தனை டன் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது, அவ்வளவே.

தெரிந்துகொள்வது கஷ்டமன்று. தோப்பிலுள்ள மரங்களை எண்ணி, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் கயிற்றால் சுற்றளவு எடுத்து, சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று வகையாகப் பிரிக்கவேண்டும். வகைக்கு மூன்று நான்கு மரங்களை வெட்டி எடை போட்டுச் சராசரி கண்டு, அந்தந்த வகையின் எண்ணிக்கையால் பெருக்கினால் தோப்பின் எடை ஏறத்தாழத் தெரிந்துவிடும். பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகள் இரண்டு நாளில் முடிக்கும் வேலை. இந்த எண் கையிலிருந்தால் மொத்த விலை பேசினாலும் ஏமாறமாட்டோம்.

எடைக்கு விற்பதே மேலானது. லாரி எடைமேடைகளுக்கு நம் பக்கத்து ரஸ்தாக்களில் குறைவில்லை. ஆனால் எடையிலும் சூட்சுமம் உண்டு. வெட்டிய மரம் நாளுக்கு நாள் உலர்ந்து எடை குறையும். வாங்குகிறவர் லாரி வரவில்லை என்று பத்து நாள் கழித்தால் அந்தக் குறைவு சங்கத்தின் தலையில் விழும். ஆகவே வெட்டிய இத்தனை நாளுக்குள் எடை போடவேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். பட்டையுடனா, பட்டை உரித்தா. வெட்டுக்கூலியும் ஏற்றுக்கூலியும் யாருடையது. எத்தனை அங்குலத்துக்குக் குறைந்த கிளை சுள்ளியில் சேரும் என்பவற்றையும் எழுதிவிட வேண்டும். முத்திரையிட்ட டெண்டர் கேட்டு, டேவணித் தொகை வாங்கி, பணம் கட்டிய அளவுக்கே மரம் வெளியேறச் செய்யவேண்டும். வெட்டுவதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் எந்த மரத்துக்கு எந்த அனுமதி வேண்டும் என்பதை வன இலாகா ரேஞ்சர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் பெறுவது அவசியம். பனையைக் கலெக்டர் அனுமதியின்றி வெட்டலாகாது என்று 2021-இல் சர்க்கார் அறிவித்திருப்பதால், கரைமேல் உள்ள பனைகளை எந்த ஏலத்திலும் சேர்த்துவிடக்கூடாது.

வாங்குகிறவர் பலர் இருந்தால்தான் விலை உண்டு. சவுக்கைக் கரூர்ப் பக்கம் காகிதபுரத்திலுள்ள தமிழ்நாடு காகித ஆலை முதலியவை கூழுக்கு வாங்குகின்றன; பட்டணத்துக் கட்டிட வேலையில் சென்டரிங்குக்கு முட்டுக்கழியாகவும் போகிறது. கழியாகப் போகக்கூடிய நேரான மரத்தைக் கூழ் விலைக்குத் தள்ளிவிடாமல், வெட்டும்போதே தரம் பிரித்து அடுக்கினால் ஒரே தோப்பில் இரண்டு விலை கிடைக்கும். கருவேலம் சூளைக்கும் கரிக்கும் போகும். வைரம் பாய்ந்த அடிமரத்துக்குத் தச்சரிடம் தனி விலை. ஓர் ஏக்கர் வைத்திருப்பவரைத் தேடி ஆலையின் லாரி வராது. இருபது பேர் மரத்தைச் சங்கம் ஒரே இடத்தில் அடுக்கினால் வரும். நிலமே இல்லாத சங்கங்கூட இந்த விற்பனை வேலையை மட்டும் மேற்கொண்டு அங்கத்தினர்களுக்கு உதவலாம். அதற்குப் பத்து வருஷம் காத்திருக்க வேண்டியதுமில்லை. முதல் வருஷத்திலேயே தரகு வருமானம் உண்டு. புதிதாகத் தொடங்கும் சங்கத்துக்கு இதையே முதல் வேலையாகச் சிபார்சு செய்வேன்.

தொடங்கும் விதம்

நம் ஏரிகள் பலவற்றின் முன்கரையில் இப்போது சீமைக்கருவேல் மண்டியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டுக்குக் கொண்டுவந்த செடி; இன்று அதை அகற்றவேண்டும் என்று நீதிமன்றமும் சர்க்காரும் கூறுகின்றன. அனுமதி பெற்று அதை வெட்டி விற்றால் வரும் பணமே மேடு கட்டும் செலவில் ஒரு பகுதிக்கு ஆகும். கடன் அந்த அளவுக்குக் குறையும். முதல் வருஷத்தில் குறைந்த ஒரு ரூபாய் பத்தாம் வருஷத்தில் ரூ. 2.59 என்பதை மறக்கலாகாது. ஆனால் அடியோடு வெட்டி விட்டுவிட்டால் மறுபடி தழைக்கும், வேருடன் பெயர்க்கவேண்டும். அந்தக் கூலியைக் கழித்தபின் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தே ஏலம் பேசவேண்டும்.

மேடு கட்டுவது சித்திரை, வைகாசியில் ஏரி வற்றியிருக்கும்போது நடக்கவேண்டும். கன்று ஐப்பசி மழைக்கு முன் வேர்பிடித்திருக்க வேண்டும். கருவேல விதையைக் கடையில் வாங்கவேண்டியதில்லை. நெற்றுத் தின்ற ஆடுகள் கிடையில் போட்டுவைக்கும் விதை, மரத்திலிருந்து உதிர்த்த விதையைவிட நன்றாக முளைக்கிறது. மாசிக்குள் சிறுவர்களைக்கொண்டு அதைச் சேகரித்து, பங்குனியில் பையில் ஊன்றினால் மேடு தயாராகும்போது கன்றும் தயாராகும். இவ்வருஷமே தொடங்க விரும்பும் சங்கம் தை மாதத்து மகாசபையில் இடத்தையும் பைலாத் திருத்தத்தையும் தீர்மானித்து, அனுமதி விண்ணப்பத்தை அப்போதே அனுப்பிவிடவேண்டும். மாதிரி பைலாவும் காவல் புஸ்தகத்தின் நமூனாவும் வேண்டும் என்று கேட்டால், தணிக்கைக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.